பூங்காவுக்குள் ஒரு சுவர்

"இரண்டு இனத்தாரும் ஒரே இடத்தில் கலந்து பழகினால் சண்டை தானாகத் தீர்ந்துவிடும்" என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது எவ்வளவு தூரம் உண்மை? வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ள ஒரு பூங்காவின் கதையைப் பார்ப்போம் நண்பர்களே.

அலெக்சாண்ட்ரா பூங்கா 1888-ல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பக்கம் வசிப்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். மறுபக்கம் புராட்டஸ்டன்டுகள். இருவரும் பேசுவது ஒரே ஆங்கிலம்தான்! ஆனால் முதல் தரப்பில் பெரும்பாலோர் அயர்லாந்துடன் சேர விரும்பினார்கள். இரண்டாம் தரப்பினர் பிரிட்டனுடன் இருக்க விரும்பினார்கள். 1960-களின் கடைசியில் தொடங்கிய மோதல் சுமார் 30 ஆண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

நடுவில் பொதுப் பூங்கா இருந்தும் பகை குறையவில்லை. இரு பக்கத்து இளைஞர்களும் கல்லெறிந்துகொள்ளும் களமாக அது மாறியதுதான் மிச்சம். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. அமைப்பு போர்நிறுத்தம் அறிவித்தது. ஆனால் மறுநாளே பூங்காவின் குறுக்கே சுமார் 3 மீட்டர் உயர இரும்புச் சுவரை எழுப்பத் தொடங்கினார்கள்! தலைவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். தெருவில் இருந்தவர்களுக்கோ பயம் போகவில்லை.

அப்படியானால் பொது இடத்தால் பயனே இல்லையா? அமெரிக்க உளவியல் அறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். வெறுமனே சந்தித்துக்கொண்டால் போதாது. இரு தரப்புக்கும் சம அந்தஸ்து, பொதுவான குறிக்கோள், சேர்ந்து செய்யும் வேலை, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் வெறுப்பு குறையும் என்றார்.

பெல்ஃபாஸ்டிலும் அதுதான் நடந்தது. இரு பக்கத்து மக்களும் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2011 செப்டம்பரில் அந்தச் சுவரில் ஒரு கதவு திறந்தது. தொடக்கத்தில் வார நாட்களில் மட்டும், காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை! கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 17 ஆண்டுகள் மூடிக்கிடந்த இடத்தில் அந்த ஆறு மணி நேரம் சின்ன விஷயமா?

நகரத்தின் எல்லாச் சுவர்களையும் 2023-க்குள் அகற்றுவோம் என்று 2013-ல் வட அயர்லாந்து அரசு அறிவித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. பல சுவர்கள் அப்படியே நிற்கின்றன. மேலிருந்து தேதி குறித்தால் சுவர் விழாது. பூங்காவைச் சுற்றி வாழ்பவர்கள் சேர்ந்து முடிவெடுத்தால் ஒரு கதவாவது திறக்கும். மரமும் புல்லும் சமாதானம் செய்து வைக்காது. அவற்றை யார் எப்போது பயன்படுத்துவது என்று உட்கார்ந்து பேசும் பேச்சுதான் அதைச் செய்யும்.