பெருநூல்கள் நிறைவுறும் வழி

அரபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்று, பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்துகொள்ளும் ஆலிம்களைச் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இன்று காண்கிறோம். பதிவு செய்தோர் அனைவரும் ஆய்வேட்டை நிறைவு செய்வதில்லை என்பதையும் வருத்தத்துடன் காண்கிறோம். பாடம் நடத்துதல், ஜும்ஆ உரை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றுக்கிடையே, 'நீண்ட விடுமுறை வரட்டும். ஒரேயடியாக எழுதிவிடலாம்' என்று காத்திருப்போரிடம் இறுதியில் குறிப்பேடுகளே எஞ்சுகின்றன. பெரும்பணிகளை முடித்தவர்கள் அவ்வாறு காத்திருந்தார்களா என வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

இம்மண்ணைச் சேர்ந்த சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் முன்சீபாகப் பணியாற்றிய காலம் அது. 1880 அக்டோபர் 21 அன்று, அவ்வூர்க் கல்லூரியின் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். ஐயருக்கு அப்போது வயது 25. தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அவர் அடுக்கிச் சொல்ல, முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்திருக்கவில்லை. முதலியார் தம்மிடமிருந்த படியைக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. தாமே பாடம் கேட்கவும் அமர்ந்தார்.

அந்த அமர்வில்தான் பணியின் உயிர் இருந்தது என்பது நம் கருத்து. கேட்பவர் ஒருவர் காத்திருந்ததால், ஐயர் படித்தே தீர வேண்டியதாயிற்று. விளங்காத இடங்களைச் சமணர்களிடம் கேட்கச் சென்றபோது, அவர்கள் கூடியிருந்து பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்து முடித்த நிறைவு நாளையே அவர் கண்டார். நம் மத்ரஸாக்களில் கத்முல் புகாரீ மஜ்லிஸைக் கண்டவர்களுக்கு அக்காட்சி புதிதன்று.

சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. ஏழாண்டு உழைப்பு அது. அத்தனை ஆண்டுகளிலும் ஐயர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வந்தன. அவர் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதோ 1919இல்தான்!

நம் மரபிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. ஸஹீஹுல் புகாரீக்கு விரிவுரையாக 'ஃபத்ஹுல் பாரீ'யை இயற்றிய இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அதனை ஹிஜ்ரி 817இல் தொடங்கி 842இல் நிறைவு செய்தார்கள். இடையே எகிப்தின் தலைமைக் காழீ பொறுப்பும் அவர்கள் தோள்மீது ஏறியது. தொடக்கத்தில் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்த இமாம், பின்னர்த் தாமே சிறிது சிறிதாக எழுதினார்கள். எழுதிய பகுதியை மாணவர்கள் படியெடுப்பர். வாரத்தில் ஒரு நாள் அனைவரும் கூடிப் படியை மூலத்துடன் ஒப்பிட்டு, ஐயங்களை விவாதிப்பர். இருபத்தைந்து ஆண்டுப் பணியை அந்த வார நாள் சுமந்து சென்றது.

காலத்தாலும் நாட்டாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவ்விருவருக்கும் ஓய்வு நேரம் வாய்த்திருக்கவில்லை. வாய்த்தவை இரண்டே: தவறாத ஒழுங்கு, காத்திருந்து கேட்கும் துணை. குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்னும் கருத்துடைய நபிமொழி, இமாமவர்கள் விரிவுரை எழுதிய அந்த நூலிலேயே இடம்பெற்றுள்ளது.

ஆகவே, நம் இளம் ஆலிம்கள் நீண்ட விடுமுறையை எதிர்நோக்க வேண்டியதில்லை. சேலத்தில் ஒருவரும் நாமக்கல்லில் ஒருவருமாக இருவர் இணைந்து, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளட்டும். அவ்வாரம் எழுதியது இரண்டே பக்கமாயினும் ஒருவர் வாசிக்க, மற்றவர் குறுக்கிட்டுக் கேட்கட்டும். படித்ததுண்டா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு முன்சீபைத் தந்த மண் இது. அக்கேள்வியை ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ள இன்று நமக்கு என்ன தடை?