மக்காவிலிருந்து மதீனாவுக்கு எவ்வளவு தூரம்?



ஹஜ், உம்ராவுக்குப் புறப்படுவோர் முதலில் கேட்டறிய விரும்புவனவற்றுள் ஒன்று, மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடைப்பட்ட தூரமாகும். நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 340 கிலோமீட்டர். சாலை வழியே சுமார் 450 கிலோமீட்டர். மக்காவில் விமான நிலையம் இல்லை. எனவே வான்வழியை நாடுவோர் முதலில் ஜித்தா சென்று, அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். பேருந்தில் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். 2018ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹரமைன் அதிவேக ரயில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை விரைந்து, இரண்டரை மணி நேரத்திற்குள் கொண்டு சேர்த்துவிடுகிறது. ஒட்டகக் கூட்டத்தாருக்கோ பத்து நாட்கள் அளவுக்குப் பிடித்த பாதை இது.

கி.பி. 622இல் இப்பாதையைக் கடந்த நபி (ஸல்) அவர்களின் பயணம், மதீனாவை நோக்கித் தொடங்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. மதீனா வடக்கே இருக்க, அண்ணலாரும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தெற்கேயுள்ள ஸவ்ர் குகைக்குச் சென்று மூன்று இரவுகள் தங்கினார்கள். பின்னர் வழக்கமான பாதையைத் தவிர்த்து, கடற்கரையோரமாகச் சுற்றிக் குபாவை அடைந்தார்கள். வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது இஸ்லாத்தை ஏற்றவரல்லர். பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று குறைஷியர் அறிவித்திருந்தும், அவர் தம் வாக்கிலிருந்து பிறழவில்லை.

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கு இதே தூரம் வேறுவிதமாக அமைந்தது. கணவர் மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அன்னையாரை அவர்தம் குலத்தார் தடுத்து நிறுத்தினர்; குழந்தையையோ கணவரின் குலத்தார் பறித்துச் சென்றனர். ஏறத்தாழ ஓராண்டு கண்ணீரில் கழிந்த பின்னரே குழந்தை திருப்பித் தரப்பட்டது. குழந்தையுடன் தனியே ஒட்டகத்தில் கிளம்பியவரைத் தன்யீமில் கண்ட உஸ்மான் பின் தல்ஹா, கடிவாளத்தைப் பிடித்துக் குபா வரை அழைத்துச் சென்றார். தங்குமிடங்களில் ஒட்டகத்தை மண்டியிடச் செய்துவிட்டு, அவர் இறங்குவதற்காக விலகி நிற்பார். அந்நாளில் அவரும் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆண்டுக் கணக்கை வகுத்தபோது, இந்த ஹிஜ்ரத் நிகழ்ந்த ஆண்டையே முதலாண்டாகக் கொண்டார்கள். நாம் எழுதும் ஒவ்வொரு ஹிஜ்ரி ஆண்டும் இப்பயணத்தையே நினைவூட்டுகிறது.

சகோதரர்களே! குளிரூட்டப்பட்ட வாகனத்தில் அப்பாதையைக் கடக்கும் வாய்ப்புக் கிட்டினால், அந்தச் சில மணி நேரத்தை உறக்கத்திலும் கைபேசியிலும் கழித்துவிட வேண்டாம். சாளரத்துக்கு வெளியே தெரியும் மலைகளைக் காட்டி, ஒரு தாயும் குழந்தையும் பிரிக்கப்பட்ட வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாற்று மார்க்கத்தாராயினும் வாக்குக் காத்தவர்களை நன்றியோடு நினைவுகூரக் கற்றுக்கொடுங்கள். ஸலவாத் ஓதிய வண்ணம் மதீனாவை அடையும் பேற்றினை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.