குடியிருப்பு நிலங்களில் வேட்டைத் தடை

குடியிருப்பு நிலங்களில் வேட்டைத் தடை என்பது வீட்டுமனை, கொல்லை, தோட்டம், சிறு வயல் போன்ற தனியார் நிலங்களில் வனவிலங்குகளைக் கொல்வதையும் பிடிப்பதையும் இந்தியாவில் தடுக்கும் சட்ட ஏற்பாடுகளைக் குறிக்கும். இத்தடைக்கு அடிப்படையானது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆகும். நிலத்தின் பரப்பையோ உரிமையாளரையோ பொறுத்து இத்தடை மாறுவதில்லை. சட்டத்தின் அட்டவணைகளில் இடம்பெற்றுள்ள விலங்கா என்பதையே அது பொறுத்துள்ளது. எனவே ஒருவர் தம் பட்டா நிலத்தில் கண்ணி வைத்து முயல் பிடித்தாலும் அது குற்றமாகும். விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி போன்று குன்றுகளும் வீடுகளும் வயல்களும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்த ஊர்களில் இச்சட்டம் மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது.

வரலாறு

சென்னை மாகாணத்தில் நீலகிரிக்கென 1879 இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1912 இல் வந்த காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் பிரித்தானிய இந்தியா முழுமைக்குமானது. உயிரைக் காக்கவும் உடைமையைக் காக்கவும் விலங்கைக் கொல்வதை அச்சட்டம் விலக்காக வைத்திருந்தது.

1972 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. உயிர்காப்புக்கான விலக்கு நிலைத்தது. ஆனால் பயிரையும் உடைமையையும் காப்பதற்கு அதிகாரியின் முன் அனுமதி தேவையாயிற்று. தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. அவ்வுரிமங்கள் 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டன.

சட்ட விதிகள்

* பிரிவு 2(16): வேட்டை என்பது கொல்லுதல் மட்டுமன்று. நஞ்சிடுதல், பொறி அல்லது கண்ணி வைத்தல், இரை வைத்தல், இவற்றுக்கான முயற்சி, பறவை மற்றும் ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துதல் ஆகியனவும் வேட்டையே.
* பிரிவு 9: அட்டவணை விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. உடும்பு, மயில் ஆகியன முதல் அட்டவணையிலும், முயல், காட்டுப்பன்றி ஆகியன இரண்டாம் அட்டவணையிலும் உள்ளன.
* பிரிவு 39: வேட்டையாடப்பட்ட அல்லது இறந்து கிடந்த வனவிலங்கு அரசின் சொத்தாகும். அதனைப் பெற்றவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும்.
* பிரிவு 51: பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முதல் அட்டவணை விலங்காயின் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இவ்வபராதத் தொகைகள் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உயர்த்தப்பட்டவை.

விதிவிலக்குகள்

தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது பிரிவு 11 இன்படி குற்றமன்று. நிற்கும் பயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாட, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி அளிக்கலாம்.

காட்டுப்பன்றிகளைப் பொறுத்தவரை தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் தூர அளவுகளை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை அவற்றைப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நில உரிமையாளர் தாமே சுடுவதற்கு இதில் இடமில்லை.

செஞ்சிப் பகுதி

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளில் பரந்துள்ளது. 2025 இல் இக்கோட்டை மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகளின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ஊரைச் சுற்றி நெல், நிலக்கடலை வயல்கள் உள்ளன. பக்கமலைக் காடும் அண்மையிலேயே உள்ளது. பயிரைத் தேடி விலங்குகள் வயலுக்கு வரும்போது, விளைச்சலை இழக்கும் சிறு விவசாயி தாமாகவே அவற்றைக் கொல்ல இயலாது. அனுமதி கோருவதும் வனத்துறையிடம் இழப்பீடு கோருவதுமே சட்டப்படியான வழிகள்.

இப்பகுதியில் வாழும் இருளர் மக்கள் வயல்களில் எலி பிடிப்பதில் தேர்ந்தவர்கள். 1972 சட்டம் எலிகளைத் தீங்குயிர்களாக வகைப்படுத்தியதால் அத்தொழில் தடைப்படவில்லை. ஆனால் இருளர்களின் மற்றொரு வருவாயான பாம்புத் தோல் வணிகம் முடிவுக்கு வந்தது. அவர்களுக்காக 1978 இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இச்சங்கம், அரசின் அனுமதியுடன் பாம்புகளைப் பிடித்து, மருந்துக்காக நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறது.

ஆபத்தான முறைகள்

காட்டுப்பன்றிக்காக வைக்கப்படும் அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடியும், மின்கம்பியிலிருந்து நேரடியாக இணைக்கப்படும் வேலியும் சட்டத்துக்குப் புறம்பானவை. இத்தகைய வேலியில் சிக்கி, இரவில் வயலுக்குச் செல்லும் மனிதர்களும் கால்நடைகளும் இறப்பதுண்டு. மின்வேலி அமைப்பதை ஒழுங்குபடுத்த 2023 இல் தமிழ்நாட்டில் தனி விதிகள் கொண்டுவரப்பட்டன. நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்க 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. பயிர்ப் பாதுகாப்புக்கெனப் பெற்ற துப்பாக்கி உரிமம், வேட்டைக்கான அனுமதி ஆகாது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 1880 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிலத்தைப் பயன்படுத்தும் குடியானவருக்கு அந்நிலத்தில் முயல்களைக் கொல்லும் உரிமையை அளித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உரிமம் பெற்றவர் வேட்டையாடலாம்; ஆனால் மக்கள் வசிக்கும் கட்டடத்திலிருந்து 150 கெச தூரத்துக்குள், அங்கு வசிப்பவரின் அனுமதியின்றித் துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது. இவ்விடங்களில் நிலமும் தூரமும் முதன்மை பெறுகின்றன. இந்தியாவில் விலங்கே முதன்மை பெறுகிறது.