பரங்கிமலையில் சங்கிலி போட்ட பட்டாளத்துக்காரர்

நம் குடியிருப்பில் ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் பலர். மைக்ரான் கணக்கு பார்க்கும் அவர்களுக்கு வில்லியம் லாம்ப்டனைப் பிடிக்கும்.

ஆங்கிலேயப் பட்டாளத்துக்காரர். 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருட்டில் திசை தவறி எதிரிப் பக்கம் நடந்த படையை, நட்சத்திரம் பார்த்துத் திருப்பியவர். போர் முடிந்ததும் அளவையில் இறங்கினார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் தொடங்கி, 100 அடி எஃகுச் சங்கிலியை 400 முறை நீட்டி, சுமார் 12 கிலோமீட்டர் அளந்தார். கோடை வெயில்! எஃகு நீளுமே என்று தெர்மாமீட்டர் வைத்துத் திருத்திக்கொண்டார்.

சென்னை நில அளவைப் பள்ளியில் படித்த பையன்களைச் சேர்த்து வேலை பழக்கினார். அவர்களில் ஜோஷுவா டி பென்னிங் பின்னாளில் கல்கத்தாவில் கணக்கீட்டு அலுவலகத்தையே நடத்தினார்.

எனக்குப் பிடித்தது 1808 சம்பவம். தஞ்சைப் பெரிய கோயிலில் மேலேற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவர் கோப்பை மூடியிருப்பார். இவர் ஆறு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே நிமிர்த்தினார்.

நான் அறுபதில் ஓய்வு பெற்றேன். இவர் எழுபதை நெருங்கும்போதும் அளந்துகொண்டே போய், 1823 ஜனவரியில் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில் காலமானார். பரங்கிமலை உச்சியில் இவர் மார்பளவுச் சிலை இருக்கிறது. அடுத்த முறை போனால் பாருங்கள்.