குருதியிற் படிந்த சுவடு: பங்கசு நோயை முன்னறியும் சோதனைகளின் சமூக வரலாறு

நோயொன்றின் வரலாறும் அந்நோயை அறியும் முறையின் வரலாறும் ஒன்றல்ல. முன்னையது உடலின் வரலாறு. பின்னையது, எந்த உடல்களை அறிவது பயனுடையதெனச் சமூகம் கருதியது என்பதன் வரலாறு. இலக்கிய ஆராய்ச்சியிற் பழகிய ஒருவன் மருத்துவத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு இவ்வேறுபாடே நியாயமாகும்.

பங்கசுகள் உள்ளுறுப்புக்களை ஊடுருவி உயிர் குடிப்பது புதிதன்று. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது பெரும்பாலும் பிரேத பரிசோதனை மேசையிலேயே அறியப்பட்டது. அதன் பின்னர் இந்நோய் பெருகியமைக்கு மருத்துவத்தின் வெற்றிகளே ஒரு காரணம் என்பது நோக்கற்பாலது. குருதிப் புற்றுநோய்க்குரிய மருந்துகள், என்புமச்சை மாற்று, உறுப்பு மாற்று ஆகியன நோயாளரின் ஆயுளை நீட்டின. அதே வேளை அவர்தம் நிர்ப்பீடனத்தைத் தாழ்த்தின. காற்றில் மிதக்கும் அஸ்பஜிலசு வித்திகளும் குடலில் அமைதியாக வாழும் கன்டிடாவும் அவ்வுடல்களிற் கொலைகாரராயின. 1980களில் எயிட்ஸ் நோயும் இதனோடு சேர்ந்துகொண்டது.

இவ்விடத்தில் வைத்தியரின் பழைய கருவி போதாதாயிற்று. குருதியை வளர்ப்பூடகத்தில் இட்டு நுண்ணங்கி வளர்கிறதா என்று பார்ப்பதே அக்கருவி. கன்டிடா ஊடுருவிய நோயாளருள் ஏறக்குறைய அரைவாசிப் பேரின் குருதியில் மட்டுமே அது வளரும். அஸ்பஜிலசு வளர்வது மிக அரிது. வளர்வதற்கும் நாட்கள் செல்லும். ஆகவே கேள்வி மாறியது: உயிருள்ள பங்கசைக் குருதியிற் பிடிக்க இயலாதெனில், அது உதிர்த்துச் சென்ற சுவட்டையேனும் பிடிக்கலாமா?

அக்கேள்விக்கான விடைகளுள் ஒன்று, அதனைத் தேடாதவர்களிடமிருந்தே வந்தது. அமெரிக்காவின் கீழைக் கரையில் வாழும் குதிரைலாட நண்டு, பெயரில் நண்டாயினும் சிலந்தியினத்துக்கே நெருங்கியது. அதன் குருதி நீல நிறமானது. டெலவெயர் விரிகுடாவிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வுயிரிகளை ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேலாக வாரி அள்ளி, அரைத்து, வயலுக்கு உரமாக இட்டனர். 1956இல் வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பிரெடெரிக் பாங், சில வகைப் பற்றீரியாக்கள் தொற்றிய நண்டின் குருதி உறைந்துபோவதை அவதானித்து எழுதினார். 1964இல் அவரும் ஜாக் லெவினும், உறைவுக்குக் காரணம் அப்பற்றீரியாக்களின் சுவரிலுள்ள நச்சுப்பொருளே எனவும், உறையச் செய்யும் பொருள் நண்டின் குருதிக் கலங்களுக்குள் இருப்பதெனவும் காட்டினர். அக்கலங்களை உடைத்தெடுத்த சாறு, ஊசிமருந்துகளில் அந்நச்சு கலந்துள்ளதா என அறிய உதவியது. அதுவரை மருந்தை முயலுக்கு ஏற்றிக் காய்ச்சல் காண்கிறதா என்று பார்த்துவந்தனர். 1977இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் முயலுக்குப் பதிலாக நண்டின் சாற்றை ஏற்க வழிசெய்தது. உரமாகப் போன உயிரி மருந்துக் கைத்தொழிலின் மூலப்பொருளாயிற்று.

ஆனால் அச்சோதனையில் ஒரு குறை இருந்தது. நச்சில்லாத இடத்திலும் சாறு சில வேளைகளில் உறைந்தது. சிறுநீரக நோயாளரின் குருதியைச் சுத்திகரிக்கப் பயன்பட்ட செலுலோசு மென்சவ்வுகளின் வழியே வந்த குருதியும் அவ்வாறே ‘பொய்’ சொன்னது. உற்பத்தியாளர் நோக்கில் இது நீக்கப்படவேண்டிய பிழை. ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர் இதனை வேறுவிதமாக நோக்குவர். பிரதி செய்தவன் விட்ட பிழைதான் சில வேளைகளில் அவனது காலத்தையும் ஊரையும் எமக்குக் காட்டிக்கொடுக்கிறது. யப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் இவனாகாவும் மொரிற்றாவும் அவர்தம் சகாக்களும் இப்பிழையைப் பிரதியாகவே வாசித்தனர் எனலாம். 1981இல் அவர்கள் கண்டது இது: நண்டின் சாற்றில் உறைவுக்கு இரு பாதைகள் உள்ளன. ஒன்று பற்றீரிய நச்சினாலும், மற்றையது பீற்றா குளுக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலியினாலும் தூண்டப்படுகின்றது. பங்கசுகள் பலவற்றின் கலச்சுவர் ஆக்கப்பட்டிருப்பது அச்சங்கிலியினாலேயே. மனித உடல் அதனை ஆக்குவதில்லை. முதற்பாதையை அகற்றி இரண்டாவதை மட்டும் எஞ்சவிட்டால், பிழையே சோதனையாகின்றது. 1995இல் ஒபயாஷியும் பிறரும் நோயாளரின் குருதியில் அதனைப் பிரயோகித்துக் கண்ட பெறுபேற்றை ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியிட்டனர். அமெரிக்காவில் 2004இல் இத்தகைய சோதனைக்கு அனுமதி கிடைத்தது.

பிழையிலிருந்து பிறந்த இச்சோதனையும் பிழையற்றதன்று. காயத்தில் வைத்த பஞ்சுத் துணியும் செலுலோசு மென்சவ்வும் இன்றும் அதனை ஏமாற்றும். எப்பங்கசு என்பதையும் அது கூறாது. அஸ்பஜிலசின் சுவரிலிருந்து கழலும் கலக்டோமன்னனைத் தேடும் சோதனை (1979இல் நோயாளரின் குருதியில் அப்பொருள் காணப்பட்டது, 2003இல் அமெரிக்க அனுமதி) அவ்வகையிற் கூர்மையானது. அதனையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தொன்று சில ஆண்டுகள் குழப்பியது. அம்மருந்தின் பிறப்பிடமும் பூஞ்சணமே என்பதில் வியப்பில்லை.

நண்டின் கணக்கு இன்னும் முடியவில்லை. குருதி எடுத்தபின் அவை கடலில் விடப்படுகின்றன. ஒரு பகுதி இறக்கின்றன. ஆசிய இனங்களுள் ஒன்று 2019இல் அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் டிங், ஹோ ஆகிய இருவரும், பற்றீரிய நச்சை உணரும் நண்டுப் புரதத்தை நண்டின்றியே ஆக்கும் வழியை 1990களிற் கண்டனர். அறிவு கைவந்த பின்னரும் கைத்தொழில் நெடுங்காலம் நண்டையே நாடியது.

இதுவரை கூறியது பெரும்பாலும் செல்வந்த நாடுகளின் பெருவைத்தியசாலைகளின் வரலாறு. மறுபக்கம் கிரிப்டோகொக்கசு என்னும் பங்கசினுடையது. மூளையின் உறைகளைத் தாக்குவது அது. பீற்றா குளுக்கன் சோதனைக்கு அது பெரும்பாலும் அகப்படாது. அதற்கு வேறொரு சோதனை முன்னரே இருந்தது. 1963இல் புளூம்பீல்ட், கோடன், எல்மென்டோர்வ் ஆகிய மூவரும், பிறபொருளெதிரி பூசிய நுண்ணிய லேற்றெக்சு மணிகள் நோயாளியின் உடற்பாய்மத்தில் உள்ள பங்கசுப் பொருளோடு சேர்ந்து திரள்வதைக் காட்டினர். அக்காலத்தில் இந்நோய் அரிது. எயிட்ஸ் பரவியபோது ஆபிரிக்காவில் அது பேரழிவாயிற்று. ஆனால் லேற்றெக்சுச் சோதனைக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், பயின்ற கை வேண்டும். கிராமச் சிகிச்சை நிலையத்துக்கு இவை எட்டாதவை.

மருந்தும் அவ்வாறே. 2000ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கச் சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கத்தினர், காப்புரிமைச் சட்டத்தை வெளிப்படையாக மீறி, தாய்லாந்திலிருந்து மலிவான புளுக்கொனசோலைக் கொண்டுவந்தனர். மருந்தின் பயன்பாட்டுப் பெறுமதிக்கும் மாற்றுப் பெறுமதிக்கும் உள்ள முரண்பாட்டை இதனினும் தெளிவாக விளக்கும் பாடநூல் இல்லை.

2002இல் உகண்டாவிலிருந்து வந்த ஆய்வொன்று, நோயின் அறிகுறிகள் தோன்றுவதற்கு இடைநிலை அளவில் 22 நாட்களுக்கு முன்னரே பங்கசின் சுவடு குருதியில் இருந்ததைக் காட்டியது. 22 நாட்கள் என்பது, மருந்து கையிலிருந்தால் ஓர் உயிர். இல்லையெனில் வெறும் தகவல். அமெரிக்க அரசின் அனுமதி 2011இற் பெற்ற காகிதப் பட்டிச் சோதனை, ஒரு துளிக் குருதிப் பாய்மத்தில் பத்து நிமிடத்தில் விடை தருவது, குளிர்சாதனம் வேண்டாதது. 1963இன் அறிவுக்கும் இப்பட்டிக்கும் இடையில் 48 ஆண்டுகள். இத்தாமதத்துக்கு விஞ்ஞானத்தின் இயலாமை மட்டும் காரணமெனக் கூறுவார், வாங்கும் ஆற்றலற்ற நோயாளருக்காகக் கருவி செய்யச் சந்தை விரைவதில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

பட்டி மட்டும் போதுமா? 2015இல் வெளிவந்த தன்சானிய, சாம்பிய ஆய்வு இங்குக் கருதத்தக்கது. எச்.ஐ.வி. தொற்று முற்றிய ஏறத்தாழ 2,000 பேர் அதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியினர்க்கு வழமையான சிகிச்சை. மறுபகுதியினர்க்கு அதனோடு குருதியிற் பங்கசுச் சுவட்டைத் தேடும் சோதனையும், முதற் சில வாரங்களில் ஊர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று மருந்து கொடுத்து நலம் விசாரித்தலும். ஓராண்டில் இறந்தோர் முன்னவருள் 18 வீதம், பின்னவருள் 13 வீதம். எவ்வளவு சோதனையால், எவ்வளவு வீட்டுவாசலுக்கு வந்த மனிதரால் எனப் பிரித்துக் கூற அவ்வாய்வு இடந்தரவில்லை. அப்பணியாளர் வைத்தியருமல்லர், தாதியருமல்லர். குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். 2020இல் இப்பங்கசினால் இறந்த எயிட்ஸ் நோயாளரின் தொகை 1,12,000 என மதிப்பிடப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள்.