பிரதமராகச் சென்று முதலமைச்சராகத் திரும்பியவர்

இந்தியாவின் ஒரு மாநிலத்தில் ஆட்சித் தலைவர் ஒரு காலத்தில் 'பிரதமர்' என்றே அழைக்கப்பட்டார் என்பது இன்றைய தலைமுறையினர் பலருக்கு வியப்பளிக்கலாம். ஜம்மு-காஷ்மீரில் 1965 வரை அதுவே நடைமுறை. 1948 மார்ச்சில் அப்பதவியை ஏற்றவர் 'காஷ்மீர்ச் சிங்கம்' எனப் போற்றப்பட்ட ஷேக் அப்துல்லா.

1905 இல் ஸ்ரீநகரை அடுத்த சௌராவில், சால்வை வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். அலிகாரில் பட்டம் பெற்று ஆசிரியராகப் பணியாற்றியவர், மன்னராட்சிக்கு எதிரான போராட்டத்தில் குதித்தார். 1932 இல் தோன்றிய முஸ்லிம் மாநாட்டுக் கட்சியை, 1939 இல் சகல மதத்தவர்க்கும் உரிய தேசிய மாநாட்டுக் கட்சியாக மாற்றியமை அவரது பெருஞ்சாதனை. 1947 ஒக்டோபரில் மகாராஜா ஹரிசிங் இந்தியாவுடன் இணைய முடிவு செய்தபோது, அதற்கு மக்கள் ஆதரவைத் திரட்டியவரும் அவரே. 1950 இல் அவரது அரசு நில உச்சவரம்பை 22¾ ஏக்கராக்கி, உழுதவனுக்கே நிலத்தை வழங்கியது.

ஆயினும் அவர் குறையற்ற ஜனநாயகவாதி அல்லர். 1951 அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் 75 இடங்களையும் அவரது கட்சியே பெற்றது, பெரும்பாலானவை போட்டியின்றி. எதிர்க்கட்சிக்கு இடமளிக்காத அதே அரசியல் பின்னர் அவரையே விழுங்கியது.

1952 இல் நேருவுடன் உடன்பாடு கண்டார். அடுத்த ஆண்டே, 1953 ஓகஸ்டில், பெரும்பான்மையை நிரூபிக்கும் வாய்ப்புக்கூட வழங்கப்படாமல் பதவி நீக்கப்பட்டுக் கைதானார். சிறிது கால இடைவெளி தவிர 1964 வரை சிறைவாசம். அவ்வாண்டு நேருவின் இசைவுடன் சமரசம் தேடிப் பாகிஸ்தான் சென்றிருந்த வேளையில், மே 27 அன்று நேரு காலமானார். 1965 இல் மீண்டும் கைதானவர், தமிழகத்தின் கொடைக்கானலில் தடுத்துவைக்கப்பட்டார்.

அவர் பதவியில் இல்லாத காலத்தில் நிகழ்ந்ததே கவனத்துக்குரியது. அரசியலமைப்பின் 370 ஆவது பிரிவு எழுத்தில் அப்படியே இருந்தது. ஆனால் குடியரசுத் தலைவரின் ஆணைகள் வழியே மத்தியின் அதிகாரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. ஸ்ரீநகரில் இசைவு தெரிவித்தோர் அந்நியர் அல்லர். பக்ஷி குலாம் முகமது, சாதிக் ஆகிய அவரது முன்னாள் தோழர்களே. பிரதமர் என்ற பெயரும் முதலமைச்சர் என மாறியது.

1975 பெப்ரவரியில், இந்திரா காந்தியுடனான உடன்பாட்டின் பேரில் அவர் மீண்டும் பதவியேற்றார். இம்முறை முதலமைச்சராக. இழந்த அதிகாரங்கள் மீளவில்லை. டில்லியின் சார்பில் அந்தப் பேச்சுக்களை நடத்தியவர் ஜி. பார்த்தசாரதி. 1983 இல் இந்திராவின் விசேட தூதுவராகக் கொழும்பு வந்த அதே பார்த்தசாரதிதான்.

1977 தேர்தலில் பெருவெற்றி பெற்ற ஷேக், 1982 செப்டெம்பர் 8 இல் பதவியிலிருந்தவாறே மறைந்தார். 2019 ஓகஸ்டில் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டு, மாநிலம் இரு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் அவரது பேரன் ஒமர் அப்துல்லா முதலமைச்சரானபோது, பொலிஸ் அதிகாரம் துணைநிலை ஆளுநரின் கையில் இருந்தது.

பாட்டன் பிரதமர், பின் முதலமைச்சர். பேரன் யூனியன் பிரதேச முதலமைச்சர். சுயாட்சி ஒரே நாளில் பறிக்கப்படுவதில்லை. 2019 இல் நீக்கப்பட்டது பெரும்பாலும் கூடு மட்டுமே; உள்ளிருந்தது 1953 இலிருந்தே வெளியேறத் தொடங்கிவிட்டது. அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசுவோர், எழுதப்படும் பிரிவைவிட அதனைக் காக்கும் பொறிமுறையையே முதலில் கேட்க வேண்டும்.