சாரி கார்டு: ஒரு பின்னிருக்கை வரலாறு

எங்கள் புல்லட்டின் பின்சக்கரத்துக்கு இடதுபுறம் இரும்புக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்த ஒரு தடுப்பு இருக்கிறது. சாரி கார்டு என்பார்கள். எங்களுடையது கடையில் வாங்கியதில்லை. 1983இல் பெண்ணாடத்தில் ஒரு பட்டறையில் செய்தது. அதற்கு முந்தைய வாரம் அம்மாவின் முந்தானை சக்கரத்தில் சிக்கி, விருத்தாசலம் சாலையில் அவள் விழுந்திருந்தாள். நான் முன்னால் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தேனாம், மூன்று வயது. எனக்கு எதுவும் நினைவில்லை. அம்மாவின் முழங்கையில் தழும்பு இருக்கிறது.

அந்த வண்டியை இரண்டு வருடங்களுக்கு முன் என் தம்பியிடமிருந்து விலைக்கு வாங்கினேன். அப்பா இறந்த பிறகு திட்டக்குடி வீட்டின் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. சைலன்சருக்குள் எலி குடும்பம் நடத்தியது. புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பழைய வண்டி வியாபாரி நல்ல விலை சொன்னார். அந்த விலையை நானே தருகிறேன் என்றதும் தம்பி சிரித்தான்: "உனக்கு எதுக்குக்கா?" 1979இல் இந்த வண்டி வந்தபோது அம்மாவின் நான்கு வளையல்கள் போயின. ஆர்.சி. புத்தகத்தில் அப்பாவின் பெயர். வளையலுக்குப் புத்தகம் எதுவும் இல்லை. ஆக, அம்மாவின் வளையல்களை நான் இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்கினேன் என்றும் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

புல்லட்டின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த வண்டி. 1932இலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்டதால், மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சோடு கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து, பாகங்களும் இங்கேயே உருவாயின. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. தாய் வீடு இடிந்த பிறகும் மகள் வீட்டில் அடுப்பெரிந்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது.

இந்த வரலாற்றில் யாரெல்லாம் வருகிறார்கள்? சிப்பாய், போலீஸ்காரர், மிராசுதார், மாப்பிள்ளை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் பவுனுக்கு அடுத்த வரியில் வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. வண்டியின் பெயரைச் சொல்லி மாப்பிள்ளையின் தரத்தைச் சொல்லிவிடலாம். அந்த வண்டிக்கான பணம் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுப் பெண் அதன் பின்னிருக்கையில் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து போனாள்.

வண்டியில் பெண்ணின் இடத்துக்கு வயதுக்கணக்கு உண்டு. குழந்தையாக டேங்கின் மேல். அப்போது ஹேண்டில்பாரைப் பிடிக்கலாம், ஹார்ன் அடிக்கலாம். பள்ளி போகும் வயதில் பின்னால், இருபக்கமும் கால் போட்டு. பெரியவளான பிறகு ஒருபக்கமாக. எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா ஒருநாள் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல், "ஒழுங்கா உக்காரு" என்றார். நான் உட்கார்ந்திருந்ததுதான் ஒழுங்கு. இரண்டு தொடைகளும் பிடிக்க, எடை நடுவில் நிற்கும். திருப்பத்தில் உடம்பு வண்டியோடு சாயும். ஒருபக்கமாக உட்காருபவள் ஓட்டுநரின் தோளை நம்பி இருக்கவேண்டும்.

விருத்தாசலத்தில் வண்டியைப் பிரித்த மெக்கானிக் நல்ல மனிதர். முதல் மாதம் முழுவதும் என் கேள்விகளுக்கான பதிலை என் கணவரைப் பார்த்தே சொன்னார். கணவருக்கு பிஸ்டனுக்கும் பிஸ்டலுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு வேறு வழியில்லாமல் என்னோடு பேச ஆரம்பித்தார். ஒருநாள் கேட்டார்: "இந்தக் கம்பிய எடுத்துடலாமா டீச்சர்? ஒரிஜினல்ல கெடையாது. லுக் வராது."

எனக்கு இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் தொடங்கியது. பழைய வண்டியை மீட்பவர்களின் மிகப் பெரிய சொல் 'ஒரிஜினல்'. தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அந்த நொடிக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுபோவது. சுவடி பதிப்பில் மூலபாடம் தேடுகிறவள் நான். அந்த ஆசை எனக்குப் புரியும். ஆனால் பாடபேதங்களை அழித்துவிட்டு மூலத்தை மட்டும் அச்சிட்டால், அந்தச் சுவடியை இடையில் யார் யார் படித்தார்கள் என்பது போய்விடும். 1979இன் கதவுக்கு இந்த வண்டியைக் கொண்டுபோனால் 1983 அழிந்துவிடும்.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்கிறது. கூடவே, அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. 'பெண்' என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை. உடை என்றாலே யார் என்று நாடு முழுவதற்கும் தெரியும். அம்மாவின் முழங்கை அந்த விதிக்கு ஆறு வருடம் முந்தியது.

2021இல் வந்த இன்னொரு விதித்திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளைத் தொன்மை வாகனம் என்று அங்கீகரிக்கிறது. சட்டகமும் இயந்திரமும் மாற்றப்படாமல் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அந்தத் தகுதி எங்கள் வண்டிக்கு 2029இல் வரும். கம்பியை எடுக்கவேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் தலையாட்டினாரே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது.

இயந்திரமும் பெண்ணும் புதிதாகச் சந்தித்துக்கொண்டவர்கள் போல நாம் பேசுகிறோம். 1934இன் இறுதியில் தெரசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு பெண்கள் லண்டனிலிருந்து 600 சிசி பேந்தர் வண்டியில், பக்கத்தொட்டியும் இழுவண்டியும் பூட்டிக்கொண்டு சகாராவைக் கடந்தார்கள்; அடுத்த வருடம் கேப்டவுனில் போய் இறங்கினார்கள். அதே 1934இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தடத்தில் தன் நார்ட்டனை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கினார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் போர்விமானங்கள் தலைகுப்புறப் பாயும்போது கார்பரேட்டரில் எரிபொருள் ஓட்டம் குழம்பி இன்ஜின் அணைந்தது. துளையிட்ட ஒரு சிறு உலோகத் தகட்டால் அதற்குத் தீர்வு கண்டவர் அவர்தான். தீர்வை நன்றியோடு ஏற்றுக்கொண்ட ஆண்கள், அவர் பெயரையும் அந்தத் துளையையும் சேர்த்து அந்தத் தகட்டுக்கு ஒரு கொச்சையான கேலிப்பெயர் வைத்தார்கள்.

நம் பக்கத்தில் சக்கரம் பெண்ணிடம் வந்த பெரிய அத்தியாயம் புதுக்கோட்டையுடையது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். விவசாயக் கூலிகளும் கல்குவாரிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கியவர்களும் உண்டு. அந்தக் குறுக்குக் கம்பி குழந்தையை உட்கார வைக்க வசதி என்று கண்டுகொண்டார்கள். பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட பாகத்துக்கு ஒரு பெண் கண்டுபிடித்த உபயோகம் அது.

பிறகு வந்தவை எல்லாம் கியர் இல்லாதவை. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 நம் ஆசிரியைகளையும் செவிலியர்களையும் தூக்கிச் சுமந்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்; என் முதல் சம்பளத்து வண்டியும் மொபெட்தான். 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் தந்தது. பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய். கியர் இல்லாத அல்லது தானாக மாறும் கியர் உள்ள, 125 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும். நல்ல திட்டம். ஆனால் கியரை மாற்றும் வேலையைப் பெண்ணிடம் கொடுக்கவேண்டியதில்லை என்று முடிவெடுத்தது யார் என்று அந்த அரசாணையைப் படிக்கும் மாணவி கேட்கலாம். என் ஓட்டுநர் உரிமமும் அதுவரை கியர் இல்லாததுதான். நாற்பத்து மூன்று வயதில் மறுபடி எட்டுப் போட்டேன்.

பெயர் மாற்ற 31ஆம் எண் படிவத்தோடு போன அலுவலகத்தில், "வண்டி சார் பேருக்கா மேடம்?" என்று மூன்று மேசைகளில் கேட்டார்கள்.

சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது புகார் மனுவாகிவிடும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்ட வேண்டிய பிராதாகிவிடும். சந்தோஷம் நிறைய இருந்தது. கார்பரேட்டரைப் பெட்ரோலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்க்கும்போது, கறுப்புக்குள்ளிருந்து பித்தளை ஜெட் மஞ்சளாக எழும். அந்த ஊசித்துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊதிப் பார்ப்பது, ஒரு வரியில் சீர் சரியாக விழுந்துவிட்டதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது போன்றது. புதுப்பேட்டைக் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்து பழைய ஆம்பியர் மீட்டர் ஒன்று வாங்கிவந்தேன். பட்டுப்புடவைக்குக்கூட நான் அவ்வளவு பேரம் பேசியதில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மெக்கானிக் என் கையில் வைத்தபோது அதன் வெள்ளைக் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். பீங்கான். விருத்தாசலத்துக்காரிக்குப் பீங்கானைச் சொல்லித்தரவேண்டியதில்லை. என் பெரியம்மா இங்கே ஒரு பீங்கான் கூடத்தில் மின்சார ஃபியூஸ் கட்டைகளுக்கு அச்சில் மண்ணை அழுத்திக் கொடுத்தாள். தீபாவளி, கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கு. பல்லாயிரம் வோல்ட்டைத் தாங்கி, தீப்பொறியை நுனிக்கு மட்டும் விடுவது அந்த வெள்ளைக் கழுத்துதான். பெரியம்மாவின் நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை மண் இருக்கும். என் நகக்கண்ணில் அந்த மாதங்களில் கிரீஸ் இருந்தது. வகுப்பில் ஒரு மாணவி கவனித்துக் கேட்டாள். அடுத்த ஞாயிறு மூன்று பேர் பட்டறைக்கு வந்தார்கள்.

புல்லட்டைக் கிளப்பப் பலம் வேண்டும் என்பது ஆண்கள் பரப்பிய கதை. வேண்டியது காது, பொறுமை. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் முட்டி நிற்கும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும். டீகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்து, அந்த முட்டலைத் தாண்டி ஒரு விரற்கடை நகர்த்தி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடையை ஒரே சீராக இறக்கவேண்டும். அவசரப்பட்டு மிதிப்பவனை அது திருப்பி உதைக்கும். நான் பதினொன்றாம் முறை மிதித்தபோது 346 சிசியும் ஒன்றாக விழித்தது. வலதுகாலில் கியர், இடதுகாலில் பிரேக்; மொபெட் பழக்கத்தை எல்லாம் மறந்து மறுபடி படிக்கவேண்டியிருந்தது.

போன தையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வெலிங்டன் ஏரி வரை போனேன். இருபக்கமும் கால் போட்டு உட்காரும்மா என்றேன். "போடி" என்று ஒருபக்கமாகவே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகியது, நாற்பது வருடத்துப் பழக்கம். கரையில் இறங்கி, கம்பித் தடுப்பின் முன் குனிந்து விரலால் எண்ணினாள்.

"ஆறு கம்பிதான இருந்துச்சு? இதுல ஏழு இருக்கு."

துருப்பிடித்த ஒன்றை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மெக்கானிக் இரண்டு வைத்திருந்தார். நான் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.